முப்பது ரூபாய் வாடகையும் அணைக்கு மேலிருக்கும் காடும்

எங்கள் ஊர்ப் பக்கம் நாளிதழைப் பிரிப்பவர்கள் தலைப்புச் செய்திக்கு முன்பு தேடுவது, உள்பக்கத்து மூலையில் வரும் ஒரு சிறு கட்டத்தை. பெரியாறு அணை நீர்மட்டம் இத்தனை அடி, மொத்த உயரம் 152. வரத்து இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை. அதன் கீழே வைகை அணை, மொத்த உயரம் 71. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் சாகுபடி அந்தக் கட்டத்தை நம்பித்தான் நடக்கிறது. ஜூன் முதல் வாரத்தில் தண்ணீர் திறப்பார்களா, நாற்றுப் பாவலாமா, இன்னும் பத்து நாள் பொறுக்கலாமா என்பதையெல்லாம் என் அப்பா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கட்டத்தைப் பார்த்தே முடிவு செய்வார். முடிவு செய்ததும் பேப்பரை மடித்துப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிடுவார். மீதிச் செய்தி அவருக்கு வேண்டியதில்லை.

அந்தக் கட்டத்தில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது என்று எனக்குப் படுவதற்கு வெகுகாலம் ஆயிற்று. அணைக்கு மேலே, மழையைப் பிடித்து ஓடையாக்கி ஏரிக்குள் இறக்கும் 600 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீர்ப்பிடிப்பு இருக்கிறது. அதன் பெரும்பகுதி பெரியாறு புலிகள் காப்பகத்தின் காடு. காடு கேரளத்தில் நிற்கிறது. அதன் தண்ணீரோ மலையைக் குடைந்த சுரங்கம் வழியே தமிழ்நாட்டுக்குள் வந்து, லோயர் கேம்ப்பில் மின்சாரம் கொடுத்துவிட்டு, தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டங்களுக்குப் போகிறது. குமுளி மலைச்சாலையில் பஸ் ஏறும்போது சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்களை ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்ப்போம். குழாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் அணையிலிருந்து என்போம். அணைக்கு எங்கிருந்து என்றால் மழையிலிருந்து என்போம். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் காட்டை நாங்கள் பேச்சில் சேர்த்ததே இல்லை.

2015ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அறிக்கைதான் என்னை அந்தக் காட்டின் பக்கம் திருப்பியது. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்துக்காக, போபாலில் உள்ள இந்திய வன மேலாண்மை நிறுவனம் கார்பெட், கன்ஹா, காசிரங்கா, பெரியாறு, ரந்தம்பூர், சுந்தரவனம் ஆகிய ஆறு காப்பகங்கள் ஆண்டுதோறும் மக்களுக்குத் தரும் பயன்களைப் பணக்கணக்கில் மதிப்பிட்டிருந்தது. பெரியாற்றுக்கு அது சொன்ன தொகை ஆண்டுக்கு 1,760 கோடி ரூபாய், அதாவது ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 1.9 லட்சம். ஆறு காப்பகங்களில் இதுவே பெரிய தொகை. அந்த 1,760 கோடிக்குள் தனியாக ஒரு வரி இருந்தது: தமிழ்நாட்டு மாவட்டங்களுக்குத் தண்ணீர் தருவதன் மதிப்பு 405 கோடி ரூபாய். என் அப்பா படிக்கும் கட்டத்தில் விடுபட்ட வரி போபாலிலிருந்து அச்சாகி வந்திருக்கிறது என்று அப்போது தோன்றியது.

இந்த மாதிரிக் கணக்குக்கு அறிஞர்கள் வைத்திருக்கும் பெயர் ‘சூழல்மண்டலச் சேவைகள்’. ஐக்கிய நாடுகள் அவையின் முயற்சியில் 2005இல் முடிந்த உலகளாவிய மதிப்பீடு ஒன்று இச்சொல்லை அரசு அலுவலகங்கள் வரை கொண்டு சேர்த்தது. தண்ணீர், தேன், விறகு போலக் கையில் கிடைப்பவை. வெள்ளத்தைத் தணிப்பது, மண்ணைப் பிடித்து வைப்பது, காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி வைப்பது போலக் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பவை. கோயில், சுற்றுலா, மன நிறைவு போன்றவை. இவை எல்லாவற்றுக்கும் அடியில் நின்று தாங்கும் மண்ணும் உயிர்ச்சுழற்சியும் என்று அது வகை பிரித்தது. தமிழில் ‘சேவை’ என்ற சொல் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. கொங்குப் பக்கம் அது இடியாப்பம். கோயிலில் அது தரிசனம். தாலுகா அலுவலகத்தில் அது வரிசையில் நின்று டோக்கன் வாங்குவது. காடு யாருக்கும் சேவகம் செய்யவில்லை. ஆனாலும் வேறு சொல் கிடைக்கும் வரை இதைத்தான் புழங்க வேண்டியிருக்கிறது.

405 கோடி என்ற எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணை வைத்துப் பார்த்தால்தான் அதன் பொருள் விளங்கும். 1886 அக்டோபர் 29ஆம் நாள் பெரியாறு அணைக்காகத் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் ஏற்பட்ட குத்தகை ஒப்பந்தம் 999 ஆண்டுகளுக்கானது. அதில் 8,000 ஏக்கருக்கு, ஏக்கர் ஒன்றுக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய் வாடகை என்று எழுதினார்கள். 1970இல் இரு மாநிலங்களும் அதைத் திருத்தியபோது வாடகை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆயிற்று; மின்சாரத்துக்குத் தனியாக ஒரு கட்டணமும் சேர்ந்தது. அணைப் பிரச்சினையில் எங்கள் பக்கத்து மேடைகளிலும் அவர்கள் பக்கத்து மேடைகளிலும் இந்த 30 ரூபாய் அடிக்கடி வரும், ஒருவர் பெருமையாகவும் மற்றவர் கோபமாகவும் சொல்வார்கள். நான் பார்ப்பது வேறு. அந்த வாடகை எதற்கு? ஆற்றுப் படுகையின் ஆழத்திலிருந்து 155 அடி மட்டம் வரை நீர் ஏறினால் மூழ்கும் நிலத்துக்கு. மூழ்கிய காட்டுக்கு வாடகை உண்டு. அணையால் உருவான தேக்கடி ஏரிக்குள் இன்றும் பட்டுப்போய் நிற்கும் அந்த மரங்களின் நிலத்துக்குக் கணக்கு உண்டு. மூழ்காமல் மேலே நின்று, ஏரியை நிரப்பிக்கொண்டே இருக்கும் காட்டுக்கு அந்த ஒப்பந்தத்தில் ஒரு காசு இல்லை, ஒரு சொல்கூட இல்லை. 1886இல் அப்படி எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. காடு எங்கும் போய்விடாது என்றே அன்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஆண்டுதோறும் ஜனவரி 15ஆம் நாள் பென்னிகுவிக் பிறந்தநாளுக்கு எங்கள் ஊர்களில் பொங்கல் வைக்கிறோம். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுகிறோம். 1895இல் முடிந்த அணைக்கு இத்தனை காலம் கழித்தும் ஒரு பொறியாளரை நினைக்கும் ஊர் வேறு எங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதில் எனக்குப் பெருமைதான். அண்மையில் லோயர் கேம்ப்பிலிருந்து மதுரை மாநகருக்குக் குழாய் வழியே குடிநீர் கொண்டுபோக ஏறத்தாழ 1,300 கோடி ரூபாயில் ஒரு திட்டம் வந்தது. குழாய்க்கு அத்தனை கோடி ஒதுக்கியவர்கள், அந்தக் குழாய்க்குள் ஓடப்போகும் தண்ணீரின் பிறப்பிடத்துக்கு ஒரு ரூபாய் என்று கேட்டால் சிரித்திருப்பார்கள்.

காடு தண்ணீருக்கு என்ன செய்கிறது என்பதை நான் புத்தகத்தில் படித்ததைவிட, சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஏறும்போது காலால் உணர்ந்ததே அதிகம். ஆண்டில் ஒரே நாள் திறக்கும் அந்தக் கோயில் காப்பகத்துக்குள், இரு மாநில எல்லையில் இருக்கிறது. குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம். நாங்கள் பளியன்குடியிலிருந்து ஆறரை கிலோமீட்டர் நடந்தே ஏறுவோம். அடிவாரத்தில் பாதை கல்லும் காய்ந்த இலையுமாகக் கரகரக்கும். மேலே புல்வெளி. புல்வெளி மடிப்புகளுக்குள் சோலைக்காடு திட்டுத் திட்டாக ஒடுங்கி நிற்கும். ஒரு வருடம் முந்தின நாள் கோடை மழை பெய்திருந்தது. புல்வெளி ஓரத்து மண்பாதையில் தண்ணீர் நேற்றே ஓடி முடித்து, வரிவரியாக அரித்த தடம் மட்டும் இருந்தது. பத்தடி தள்ளிச் சோலைக்குள் கால் வைத்தால் இலைச்சருகு கணுக்கால் வரை அமுங்கியது. அமுக்கிய இடத்தில் தண்ணீர் கசிந்து செருப்புக்குள் ஏறியது. சருகை விலக்கினால் கறுத்த மண், புட்டு மாவைப் போலப் பொலபொலவென்று, மெல்லிய வேர்கள் பின்னியிருந்தது. நேற்றைய மழை இன்னும் அங்கேயே இருந்தது. அது எப்போது ஓடைக்குப் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. நாளையோ, அடுத்த மாதமோ. அணைக்கு வேண்டியது அந்தத் தாமதம்தான். மொத்த மழையும் ஒரே இரவில் வந்து விழுந்தால் மதகைத் திறந்து விடுவதைத் தவிர அணைக்கு வேறு வேலை இல்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். ‘காடு வளர்த்தால் தண்ணீர் பெருகும்’ என்று சுவரில் எழுதுகிறோமே, அது பாதி உண்மை. மரமும் தண்ணீர் குடிக்கும், நன்றாகவே குடிக்கும். உதகைக்கு அருகே க்ளென்மார்கனில், இயற்கைப் புல்வெளியும் சோலையும் கொண்ட ஒரு சிறு நீர்ப்பிடிப்பையும், அதன் பெரும்பகுதியில் யூகலிப்டஸ் நடப்பட்ட இன்னொன்றையும் மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகள் ஒப்பிட்டு அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுழற்சியிலேயே யூகலிப்டஸ் நட்ட நீர்ப்பிடிப்பிலிருந்து வந்த தண்ணீர் 16 சதவீதம் குறைந்தது. எந்த மரம், எந்த மண்ணில், முன்பு அங்கே என்ன இருந்தது என்பதைப் பொறுத்தே தண்ணீர்க் கணக்கு மாறும். மலைப் புல்வெளியைத் தரிசு என்று எண்ணி மரம் நட்டவர்கள், ஓடையின் கழுத்தைப் பிடித்ததைத் தெரியாமலே செய்தார்கள். ஆகவே காப்பகத் திட்டத்தில் தண்ணீரை ஒரு நோக்கமாக வைத்தால் முதலில் மாறுவது மரக்கன்றுகளின் எண்ணிக்கை அல்ல. எதை நடக்கூடாது, எந்தத் தோட்டத்தை மெல்ல எடுத்துவிட வேண்டும், எந்தப் புல்வெளியில் தீ பரவாமல் பார்க்க வேண்டும் என்ற பட்டியலே மாறும்.

இதே மாவட்டத்தில், மலைத்தொடரின் இந்தப் பக்கம், இன்னொரு ஆறு இருக்கிறது. வருசநாட்டு மலையில் பிறந்து, வாலிப்பாறை, வருசநாடு, கடமலைக்குண்டு வழியே வரும் மூல வைகை. வைகை என்று பெயர் அதற்குத்தான். ஆனால் வைகை அணையை நிரப்புவதில் பெரியாற்றுத் தண்ணீருக்குத்தான் பெரும்பங்கு. ஆண்டின் பெரும்பாலான நாட்கள் மூல வைகை மணலாகக் கிடக்கும். மழை வந்தால் இரண்டு நாள், மூன்று நாள் செம்மண் கரைசலாகப் பாய்ந்துவிட்டு மறுபடி மணலாகிவிடும். அந்தச் செம்மண் எங்கே போகிறது என்று கேட்க வேண்டியதில்லை. வைகை அணையில் வண்டல் படிந்து கொள்ளளவு குறைந்துபோன கதையைத் தூர்வார வேண்டும் என்ற கோரிக்கையாகப் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

என் தாய்மாமா ஒருவர் கடமலைக்குண்டுப் பக்கம் இருக்கிறார். இலவமரம் மூன்று ஏக்கர், கொஞ்சம் எலுமிச்சை. கண்டமனூர் ஜமீன் காலத்திலிருந்து மரமும் மலைநிலமும் கைமாறிக் கைமாறி, காடு இருந்த சரிவுகளில் பிறகு மொச்சையும் முந்திரியும் இலவமும் ஏறிய கதையை அவர் தன் தாத்தா சொன்னதாகச் சொல்வார். தான் அந்தக் கதையின் கடைசிக் கண்ணி என்பதும் அவருக்குத் தெரியும். இரண்டு ஆறுகளையும் ஒப்பிட்டு நான் ஒருநாள் நீளமாகப் பேசியபோது அவர் குறுக்கிட்டார்: “மாப்ள, பெரியாத்துல பெய்யுற மழ இங்க பெய்யுதா? அதச் சொல்லாம காட்ட மட்டும் சொன்னா எப்பிடி?” அவர் கேட்டது நியாயம். பெரியாற்று நீர்ப்பிடிப்பு தென்மேற்குப் பருவமழையை நேராக வாங்கும் இடம். வருசநாடு மழைமறைவுப் பக்கம், பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்ப்பது. முழுக் காடும் நின்றிருந்தாலும் மூல வைகை பெரியாறு ஆகியிருக்காது. ஆனால் மூன்று நாளில் ஓடி முடியும் வெள்ளத்தை முப்பது நாளுக்கு இழுத்து நிறுத்துவது மழையின் கையில் இல்லை. சரிவில் என்ன நிற்கிறது என்பதில் இருக்கிறது.

2021 பிப்ரவரியில் மேகமலைச் சரணாலயத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயத்தையும் இணைத்து, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல் பரப்பில் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் ஐந்தாவது காப்பகம் அது. அறிவிப்பு வந்த நாட்களில் எங்கள் பக்கம் புலியைவிட அதிகம் பேசப்பட்டது வைகைதான்: நீர்ப்பிடிப்புப் பகுதி பாதுகாக்கப்பட்டால் ஆறு மீளும் என்று. ஒரு காட்டைப் பாதுகாக்கும் காரணமாக ஆற்றைச் சொன்னது எனக்கு மகிழ்ச்சி தந்தது. காட்டின் பயனைத் திட்டமிடலுக்குள் கொண்டுவருவது என்று ஆய்வாளர்கள் சொல்வதன் எளிய வடிவம் அதுவே. ஆனால் அடுத்த மாதங்களில் பேச்சு வேறு பக்கம் போனது. யார் வெளியேற வேண்டும், யாருடைய மரம் யாருக்குச் சொந்தம், வன உரிமைச் சட்டப்படி யாருக்கு உரிமை உண்டு என்பவை கூட்டங்களையும் வழக்குகளையும் நிரப்பின. மாமா அப்போது கேட்டதுதான் எனக்கு இன்றுவரை பதில் கிடைக்காதது: “மதுரைக்காரனுக்குத் தண்ணி வேணும்னா நான் எந்திரிக்கணும். சரி. நான் எந்திரிச்சதுக்கு மதுரைக்காரன் என்ன தருவான்?”

இந்தக் கேள்விக்குப் பெரியாற்றில் பாதி விடை இருக்கிறது. 1996 முதல் 2004 வரை உலக வங்கியின் நிதியோடு அங்கே நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில், காட்டை நம்பி வாழ்ந்த மன்னான், பளியர் முதலிய பழங்குடியினரையும் காட்டை ஒட்டிய குடியிருப்புகளையும் குழுக்களாக்கி, காவலிலும் வருமானத்திலும் பங்கு கொடுத்தார்கள். வயனா மரத்தின் பட்டையை, அதாவது காட்டு இலவங்கப்பட்டையை, இரவில் வெட்டிக் கடத்தி வழக்குகளில் சிக்கியிருந்த ஆட்களையே காவலர்களாகவும் பயணிகளின் வழிகாட்டிகளாகவும் மாற்றியது அதில் பெயர் பெற்ற கதை. கடத்தும் வழி அத்தனையும் அறிந்தவர்கள் அதே வழியில் காவலுக்கு நின்றால் கடத்தல் எப்படி நடக்கும்? 2002 முதல் ‘வசந்த சேனை’ என்ற பெயரில் உள்ளூர்ப் பெண்கள் சம்பளம் இல்லாமல் முறை வைத்துக் காட்டுக்குள் ரோந்து போகிறார்கள். உலக வங்கிப் பணம் நின்ற பிறகு இந்த ஏற்பாடு சரிந்துவிடக் கூடாது என்று 2004இல் பெரியாறு அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். காப்பகத்துக்கு வரும் பயணிகளிடம் வாங்கும் சூழல் மேல்கட்டணம் அதற்குப் போகிறது. இந்த முன்மாதிரியையொட்டி, 2006இல் திருத்தப்பட்ட வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் ஓர் அறக்கட்டளை வேண்டும் என்று 38எக்ஸ் பிரிவில் எழுதிக்கொண்டது.

பாதி விடை என்றேன். படகில் ஏறி யானையைப் படம் பிடிப்பவர் கட்டணம் கட்டுகிறார். தண்ணீரைக் குடிப்பவரும் பாய்ச்சுபவரும், நான் உட்பட, கட்டுவதில்லை. 2015 அறிக்கையில் தமிழ்நாட்டுக்குக் கிடைக்கும் தண்ணீரின் மதிப்பு 405 கோடி. காப்பகம் உள்ளூர் மக்களுக்குத் தரும் வேலைவாய்ப்பின் மதிப்பு இரண்டரைக் கோடி. காட்டைக் காப்பவருக்குப் போவது இரண்டரை, காட்டால் விளைவது 1,760. கணக்கு சொல்வது இதுதான் என்றால், அறிக்கையின் முன்னுரையில் அச்சாக வேண்டிய செய்தி அந்தப் பெரிய தொகை அல்ல, இந்த இடைவெளி.

பெரிய தொகையை நான் முழுதாக நம்பவும் இல்லை. பெரியாற்றின் 1,760 கோடியில் 786 கோடி மரபணு வளப் பாதுகாப்புக்கானது. 355 கோடி வனவுயிர்களுக்கு வாழிடமாக இருப்பதற்கானது. இவை அந்தக் காட்டில் அளந்து எடுத்தவை அல்ல. உலகின் வேறு வெப்பமண்டலக் காடுகளில் நடந்த ஆய்வுகள் ஒரு ஹெக்டேருக்கு என்ன மதிப்புச் சொன்னதோ அதை இங்கே பெயர்த்து வைத்துப் பெருக்கியவை. பக்கத்துத் தோட்டத்தில் ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று கேட்டுவந்து தன் வயலுக்கும் அதையே எழுதிக்கொள்ளும் கணக்கு அது. வேறு வழியில்லாதபோது அப்படித்தான் செய்ய முடியும் என்பதும், அறிக்கை எழுதியவர்கள் தங்கள் முறையை மறைக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் கூட்டுத்தொகை நாளிதழில் வரும்போது எந்த எண் அளந்தது, எந்த எண் பெயர்த்தது என்ற பிரிவு காணாமல் போய்விடுகிறது. மேலாண்மைக்கு உதவுவது அளந்த எண் மட்டும்தான். 786 கோடியை வைத்துக்கொண்டு ஒரு வனச்சரகர் நாளைக் காலையில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

இன்னொரு அச்சமும் உண்டு. விலை சொன்ன பொருளை வாங்க ஆள் வரும். காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு எடுப்பவர்கள் ‘நிகர நிகழ்கால மதிப்பு’ என்று, அதாவது அந்தக் காடு இனி வரும் ஆண்டுகளில் தரக்கூடிய பயன்களின் இன்றைய மதிப்பாக, ஒரு தொகை கட்ட வேண்டும் என்ற ஏற்பாடு, காடுகளைக் காப்பது பற்றி உச்ச நீதிமன்றத்தில் நடந்த கோதவர்மன் வழக்கில் உருவானது. 2008இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற விகிதம், காட்டின் வகையையும் அடர்த்தியையும் பொறுத்து ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் வரை. சரணாலயம் என்றால் ஐந்து மடங்கு, தேசியப் பூங்கா என்றால் பத்து மடங்கு. பின்னர் இந்த விகிதங்கள் உயர்த்தப்பட்டன. காட்டை அழிப்பது இலவசமாக இருந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றம்தான். ஆனால் காட்டின் பயனைச் சொல்லவந்த எண், நடைமுறையில் காட்டை எடுப்பதற்கான கட்டணப் பட்டியலாகவும் நிற்கிறது. ஆண்டுக்கு 1.9 லட்சம் தரும் என்று சொல்லப்பட்ட ஹெக்டேருக்கு ஒரே தடவை கட்டும் தொகை இவ்வளவு என்றால், எத்தனை ஆண்டு வருமானத்துக்கு எதைக் கொடுக்கிறோம் என்பதை நெல் குத்தகை பேசத் தெரிந்த எவரும் மனக்கணக்கில் போட்டுவிடலாம்.

சேவைகள் ஒன்றோடொன்று இணங்கிப் போகும் என்பதும் நாமாக வைத்துக்கொண்ட நம்பிக்கை. அதே பெரியாறு காப்பகத்தின் மேற்குப் பகுதியில் சபரிமலை இருக்கிறது. பக்தி என்பது பண்பாட்டுச் சேவை. ஆனால் மண்டல காலத்தில் அங்கே சேரும் கூட்டம் பம்பையின் தண்ணீரை என்ன செய்கிறது என்பதை மாலை போட்டுப் போய்வந்த எவரும் மூக்கால் அறிவர். ஏரியின் ஓரத்துப் புல்வெளிகள் யானைக்கும் காட்டெருமைக்கும் மேய்ச்சல்; நீர்மட்டம் ஏறினால் அவை மூழ்கும் என்பது அணை வழக்கில் கேரளம் வைத்த வாதங்களில் ஒன்று. எங்கள் ஊரில் நின்றுகொண்டு இதை எழுதுவது எனக்கு வசதியாக இல்லை. உச்ச நீதிமன்றம் தேக்கிக்கொள்ள அனுமதித்த 142 அடி எங்களுக்கு உயிர். அந்த அடிகளுக்குப் புல்வெளிக் கணக்கும் ஒன்று இருக்கிறது. காப்பகத் திட்டம் என்பது இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதி வைப்பது. கூட்டிச் சொன்னால் இரண்டும் மறைந்துபோகும்.

வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 38வி பிரிவுப்படி ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுத வேண்டும். மையப் பகுதி, அதைச் சுற்றிய இடைப் பகுதி, புலி நடமாடும் வழித்தடம் என்று அது பிரியும். புலிக்காக எழுதும் திட்டம் அது, புலிக்காகவே இருக்கட்டும். அதற்குள் இன்னொரு வரைபடத்தை மேலே விரித்து வைக்கலாம் என்பது என் எண்ணம்: ஓடை ஓடையாகப் பிரித்த நீர்ப்பிடிப்பு வரைபடம். இந்த மடிப்பில் பெய்த மழை எந்த ஓடையில் சேர்ந்து, எந்த ஊரின் உறைகிணற்றுக்கு, எந்தக் கண்மாய்க்கு, எந்த மதகுக்குப் போகிறது என்பது அதில் இருக்க வேண்டும். அது இருந்தால் கோடையில் தீத்தடுப்புக் கோடு எங்கே முதலில் வெட்டுவது, உன்னிச்செடியை எந்தச் சரிவிலிருந்து முதலில் பிடுங்குவது, கைவிடப்பட்ட தோட்டங்களில் எதை மறுபடி சோலையாக்குவது என்ற கேள்விகளுக்கு முகவரியோடு விடை வரும். மாமாவைப் போன்றவர்களை ஒட்டுமொத்தமாக ‘ஆக்கிரமிப்பு’ என்று ஒரு நிறத்தில் தீட்டுவதற்கும் இடம் இருக்காது. ஓடைத் தலையில் செங்குத்துச் சரிவில் மொச்சை போடுவது வேறு, ஆற்றோரச் சமவெளியில் இலவமரம் வைத்திருப்பது வேறு. தண்ணீருக்கு அந்த வேறுபாடு தெரியும், திட்டத்துக்கும் தெரிய வேண்டும்.

பணம் வரும் வழியும் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. மத்திய வரி வருவாயை மாநிலங்களுக்குப் பிரிக்கும்போது பதினான்காவது நிதிக்குழு காட்டுப் பரப்புக்கு 7.5 சதவீத எடை கொடுத்தது; பதினைந்தாவது நிதிக்குழு அதைக் காடும் சூழலும் என்று பெயர் மாற்றி 10 சதவீதமாக்கியது. காட்டை வைத்திருக்கும் மாநிலத்துக்குக் காட்டுக்காகவே பணம் போகிறது என்பது உலக அளவில் பெரிய காரியம். ஆனால் அது மாநிலக் கருவூலத்தில் போய்க் கலந்துவிடும். வருசநாட்டுச் சரிவில் ஒரு குடும்பம் மொச்சையை நிறுத்திவிட்டுச் சோலை மரத்தை வளரவிட்டதற்கு அதிலிருந்து பத்து ரூபாய் இறங்கி வராது. மதுரைக் குழாயில் தண்ணீர்க் கட்டணம் கட்டுபவர் ஆயிரம் லிட்டருக்குச் சில காசுகள் கூடுதலாகக் கட்டி, அந்தக் காசு காப்பகத்தின் அறக்கட்டளை வழியே அந்தக் குடும்பத்துக்குப் போவது சட்டப்படி முடியாத காரியம் அல்ல. அறக்கட்டளை என்ற பாத்திரம் இருக்கிறது. அதில் ஊற்ற யாரும் இன்னும் வரவில்லை.

அதற்கு முன்னால் அளக்க வேண்டும். அணையின் நீர்மட்டத்தை நாள்தோறும் எழுதுகிறோம். அணைக்கு மேலே ஒவ்வொரு ஓடையும் எத்தனை நாள் ஓடியது, எப்போது நின்றது என்று எழுதினால்தான் காடு மீள்கிறதா இல்லையா என்று சொல்ல முடியும். கருவி வாங்கி வைத்தால் நல்லது. இல்லாவிட்டாலும் எழுதலாம்.

மாமாவின் ஊருக்குக் குடிநீர் மூல வைகை மணலுக்குள் இறக்கிய உறைகிணற்றிலிருந்து வருகிறது. மோட்டார் போடப் போகும் ஆள் மூடியை விலக்கி டார்ச் அடித்துப் பார்ப்பார். தண்ணீர் எத்தனை அடி என்று அவர்கள் சொல்வதில்லை. தண்ணீருக்கு மேலே எத்தனை சிமெண்ட் உறை தெரிகிறது என்று எண்ணுவார்கள். உறை கூடக் கூடத் தண்ணீர் கீழே. போன பங்குனியில் நான் போயிருந்தபோது மாமாவும் எட்டிப் பார்த்து எண்ணினார். “ஏழு. போன வருசம் இதே நாள் ஆறுதான்.” எங்கே குறித்து வைத்திருக்கிறீர்கள் மாமா என்று கேட்டேன். நெற்றியைத் தட்டிக் காட்டினார். இப்போது மாதம் ஒரு தடவை போன் செய்து எண்ணிக்கையைச் சொல்கிறார். நான் ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவருகிறேன். அப்பா அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதைப் பேப்பரில் போடுவார்களா என்று கேட்டார்.